நகலின் பெயர் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஸ்பைடர்மேனின் நகலைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். "பென் ரெய்லி செத்துத் தூசியாவதுதான் இந்தக் கதைக்கு நேர்மையான முடிவு. இரவல் நினைவுகளை வைத்துக்கொண்டு ஒருவன் ஒரு குடும்பத்துக்கு உரிமை கோர முடியாது" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

எனக்கு இருபத்தொன்பது வயது. குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவன். நான் பிறப்பதற்கு ஓராண்டு முன்னால் என் அண்ணன் ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டான். அவனுடைய பெயரையே எனக்கு வைத்தார்கள். இப்போது வீட்டில் நான் ஒரே பிள்ளை. "உனக்குத்தான் சின்ன வயதிலிருந்தே பாகற்காய் பிடிக்குமே" என்று அம்மா இலையில் வைப்பார். பிடித்தது எனக்கில்லை, அவனுக்கு. பேசாமல் சாப்பிட்டுவிடுவேன். அப்பா ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "தம்பி" என்பார், அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு நான் தகுதியில்லை என்று நினைக்கிறாரோ என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். கூடத்தில் மாலை போட்ட படத்தின் கீழே என் பெயர் எழுதியிருக்கிறது, தோற்றம் மறைவு என்று இரண்டு தேதிகளுடன்.

கெசட்டில் பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

குடியாத்தம் வாசகர்
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சுட்டிய வரி தவறு. கட்டுரையை முடிக்கும் அவசரத்தில் ஒரு தீர்ப்பைப் போல அதை எழுதிவிட்டேன். உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றிய தீர்ப்பாகவும் அது போய்ச் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை. மன்னிக்க வேண்டும். அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏன் தவறு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முந்தைய கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகக் கதை: 1975இல் வந்த மார்வெல் காமிக்ஸில் மைல்ஸ் வாரன் என்ற பேராசிரியர், ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கரைக் குளோனிங் முறையில் நகலெடுக்கிறார். நகல் பீட்டரின் நினைவுகளோடு கண் விழிக்கிறது, தானே பீட்டர் என்று நம்புகிறது. அது இறந்துவிட்டது என்று எண்ணிப் பீட்டர் அந்த உடலை ஒரு புகைபோக்கிக்குள் போட்டுவிடுகிறான். 1994இல், அவன் சாகவே இல்லை என்று கதையை மறுபடி எடுத்தார்கள். ஐந்து வருடம் ஊர் ஊராக அலைந்தவன் பென் ரெய்லி என்ற பெயரோடு திரும்பி வருகிறான். நடுவில் சில காலம், இவன்தான் அசல், பீட்டர்தான் நகல் என்று சோதனைகள் சொல்கின்றன. 1996 முடிவில் அது பொய் என்றாகிறது. பீட்டருக்கு வந்த சாவைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு பென் இறக்கிறான். உடல் தூசியாக உதிர்கிறது. உதிர்ந்ததால் அவனே நகல் என்று நிரூபணமாகிறது.

இந்த நிரூபணத்தைத்தான் நான் நேர்மை என்று எழுதியிருந்தேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு, வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய மகாபாரதமான வில்லி பாரதத்தில் ஒரு இடம் நினைவுக்கு வந்தது. குந்தி தன்னைத் தாய் என்று சொல்லிக்கொண்டு வரும்போது கர்ணன் உடனே நம்பிவிடுவதில்லை. இதற்கு முன்னும் பல பெண்கள் அப்படிச் சொல்லி வந்திருக்கிறார்கள். தெய்வ ஆடை ஒன்று இருக்கிறது. பெற்றவள் அல்லாதவள் அதை உடுத்தினால் எரிந்து சாம்பலாவாள். குந்தி உடுத்துகிறாள், எரியவில்லை. அங்கே பொய்யான தாய் சாம்பல், இங்கே பொய்யான மகன் தூசி. ஆனால் அந்த ஆடையை ராதையிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆற்றில் மிதந்து வந்த பெட்டியிலிருந்து பிள்ளையை எடுத்து வளர்த்தவள் எரிந்திருப்பாள். யார் பெற்றது என்பதை மட்டும்தான் அந்த ஆடையால் சொல்ல முடியும். பென்னின் உடல் உதிர்ந்ததும் அவ்வளவைத்தான் சொல்லியது. நான்தான் அதற்கு மேலும் அதைப் பேச வைத்துவிட்டேன்.

கர்ணன் பெயரை எடுத்ததால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்களும் நானும் வட ஆற்காட்டுக்காரர்கள். ஆற்காட்டுப் பக்கம் எங்கள் கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவில் கர்ண மோட்சக் கூத்து நடக்கும். தோளில் மரக்கட்டை அணிகள் மின்ன, கிரீடத்தோடு சுழன்று வரும் கர்ணனை, அவன் மனைவி பொன்னுருவி பிறப்பைச் சொல்லிக் குத்திக்காட்டுவாள். முகவீணை என்ற சிறு ஊதுகுழல் விடியும்வரை அழும். கூட்டத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை என் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். உங்களைப் போன்ற ஒருவர் கடிதம் எழுதினால், கர்ணனைக் காட்டி ஆறுதல் சொல்வது எங்களுக்கு எளிது. அதை நான் செய்யப்போவதில்லை. கர்ணனுக்குப் பிறப்பு ரகசியம் தெரிந்தால் அவன் உயர்வான். தேரோட்டி மகன் சூரியன் மகனாவான். நகலுக்கு அந்த ரகசியம் தெரிந்தால் கையில் இருக்கும் எல்லாமே போய்விடும். உங்கள் துயரம் அந்த இரண்டாவது வகை.

உங்களுக்கு நெருக்கமானவள் சாயா. சூரியனின் வெப்பம் தாங்காமல் அவன் மனைவி சஞ்ஞை தன் நிழலையே பெண்ணாக்கித் தன் இடத்தில் நிறுத்திவிட்டுப் போகிறாள். அந்த நிழல் இன்னொருத்தியின் கணவனோடு வாழ்ந்து, இன்னொருத்தியின் பிள்ளைகளை வளர்க்கிறது. தனக்கும் பிள்ளைகள் பிறந்தபின் பாரபட்சம் காட்டி அகப்பட்டுக்கொள்கிறாள் என்பதையும் புராணம் மறைக்கவில்லை. அவள் பெற்ற பிள்ளைதான் சனி. சனிக்கிழமை எந்தச் சிவன் கோயிலிலும் எள் விளக்கோடு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். நிழலுக்குப் பிறந்தவன் என்று ஒருவரும் அவனை விட்டு விலகுவதில்லை. சாயா புத்திரன் என்று தாயின் பெயரைச் சொல்லியே வணங்குகிறார்கள்.

காமிக்ஸ் பக்கம் திரும்புகிறேன். முந்தைய கட்டுரையில் நான் விட்டுவிட்ட ஒரு பாத்திரம் இருக்கிறது, விட்டிருக்கக் கூடாது. வாரன் முதலில் ஏன் நகலெடுக்கத் தொடங்கினார்? பீட்டரின் காதலி குவென் ஸ்டேசி 1973இல் வந்த இதழில் இறந்துபோகிறாள். அவள்மேல் ஆசை வைத்திருந்த அந்தப் பேராசிரியரால் அந்தச் சாவை ஏற்க முடியவில்லை. அவளையும் நகலெடுக்கிறார். ஒரு சாவை இல்லை என்று ஆக்குவதற்காக உருவாக்கப்பட்டவள் அவள். 1975 கதையின் முடிவில் அந்தக் குவென், பீட்டர் நேசித்த பெண் தான் இல்லை என்று உணர்ந்து, தன் வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போய்விடுகிறாள். போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவதில் குற்றம் ஒன்றுமில்லை என்பதற்காகவே அவளைச் சொல்கிறேன்.

பென் போனவன்தான். ஆனால் திரும்பி வந்தான். ஏன் வந்தான் தெரியுமா? வளர்த்தவள் நோயில் விழுந்தாள் என்று கேள்விப்பட்டு வந்தான். அவளை ஆங்கிலத்தில் 'ஆண்ட் மே' என்கிறார்கள். அந்தச் சொல்லில் எந்த உறவும் தெளிவாகத் தெரிவதில்லை. பீட்டரின் அப்பாவுக்கு மூத்தவர் பென் பார்க்கர், மே அவருடைய மனைவி. நம் கணக்கில் அவள் பெரியம்மா. அம்மா என்ற சொல் அதற்குள்ளேயே இருக்கிறது. வேலூரில் ஆற்காடு சாலையில் நடந்தால் வங்காள மொழியில் எழுதிய விடுதிப் பலகைகளைப் பார்க்கலாம். சி.எம்.சி. மருத்துவமனைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கையில் கோப்புகளோடு காத்திருப்பார்கள். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று யார் கேட்டாலும் அவர்களிடம் ஒரு சொல் தயாராக இருக்கும். பெரியம்மா தன் மடியில் வளர்த்த அத்தனை நாள்களும் பென்னுக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்குச் சொல்ல அவனிடம் ஒரு சொல்கூட இல்லை. இதை நான் இரவல் என்று எழுதினேன். நினைவு இரவலாக இருக்கலாம். ஓடி வந்த பதைப்பு அவனுடையது.

அவன் பெயரையும் கவனியுங்கள். பென் என்பது வளர்த்த பெரியப்பாவின் பெயர். ரெய்லி என்பது பெரியம்மா பிறந்த வீட்டுப் பெயர். தகப்பன் பெயரின் முதலெழுத்தை யாரும் தராததால், வளர்த்த இருவரிடமிருந்தும் தானே எடுத்துக்கொண்டான். சூப்பர்மேனின் மரபணுவிலிருந்து உருவான சூப்பர்பாய்க்கு இந்த அவதி இல்லை. சூப்பர்மேனே தன் குலப்பெயர் சேர்த்து அவனுக்குக் கான்-எல் என்று பெயரிட்டுவிட்டார்.

உண்மையான குளோனிங் பற்றிச் சிறிது. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸில் முதல் நகல் பூனை பிறந்தது. சிசி என்று பெயர். மூலப்பூனை ரெயின்போ மூன்று நிறம். சிசியின் உடலில் ஆரஞ்சு நிறம் இல்லை. பூனைக்கு ஆரஞ்சு நிறம் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிப்போகும். எந்தச் செல்லிலிருந்து சிசி உருவானதோ, அதில் அடங்கியிருந்தது ஆரஞ்சுக்கான எக்ஸ். மரபணு அத்தனையும் ஒன்றாக இருந்தும் ரோமத்தின் நிறம் வேறாகிவிட்டது. நீங்கள் உங்கள் அண்ணனின் நகல்கூட இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று. பாகற்காய் கசக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி அந்தப் பெயருக்கு வருகிறேன். எனக்கு வைத்தது என் தாத்தாவின் பெயர். பெயரைச் சுமக்கிறவன் என்பதால்தான் பெயரன், பேரன். ஆனால் என் பாட்டி ஒரு தடவைகூட அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டதில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆசிரியர் பேரன் பெயர் கேட்டாராம். "திருப்பதி மலைமேலே நிற்கிறாரே, அவர் பெயர்தான்" என்றாளாம். வீட்டில் எனக்கு 'ராசா'. அதனால் தாத்தாவும் நானும் ஒரே பெயரில் இருந்தும் ஒரு நாளும் முட்டிக்கொள்ளவில்லை. பெயரை அவருக்கே விட்டுவிட்டு, எனக்கென்று வேறொரு அழைப்பைப் பாட்டி வைத்திருந்தாள்.

உங்கள் கடிதத்தில் அப்பாவைப் பற்றிய வரிக்கு வந்தபோது எனக்குப் பாட்டிதான் நினைவுக்கு வந்தாள். அவர் உங்களைத் 'தம்பி' என்கிறார். நம் ஊரில் பெற்ற மகனையும் தம்பி என்பார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பையனையும் தம்பி என்பார்கள். அதனால் இதை அடித்துச் சொல்லத் தயங்குகிறேன். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஒரே பிள்ளை இருக்கும் வீட்டில் யாருக்குத் தம்பி? அண்ணன் ஒருவன் இருந்தால்தானே தம்பி. அவனே திரும்பி வந்துவிட்டான் என்று உங்கள் அப்பா நம்பியிருந்தால், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவருக்கு என்ன தடை? அவர் அந்தப் பெயரைச் செத்துப்போன மகனுக்கென்று வைத்துவிட்டு, உங்களை அவனுக்கு அடுத்தவனாகக் கூப்பிடுகிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் நீங்கள் இருவரும் தனித்தனி ஆள்கள் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர் ஒருவராக இருக்கலாம்.

பென்னை ஊருக்கு அறிமுகம் செய்தபோது 'கசின்' என்றார்கள். தமிழில் அந்தப் பொய்யைச் சொல்லவே முடியாது. பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் நமக்கு அண்ணன் தம்பிதான். இரண்டு வருடக் கதையில் அடித்துக்கொண்டு, சந்தேகப்பட்டு, இடம் மாறி, கடைசியில் பீட்டருக்கு அவன் உடன்பிறப்பாகவே ஆகிறான். அந்த உறவு உண்டான பிறகுதான் அவன் சாகிறான், அதனால்தான் பீட்டர் அழுகிறான். தூசியை மட்டும் பார்த்துவிட்டு இதை நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

கெசட்டில் பெயரை மாற்றிக்கொள்வது உங்கள் உரிமை. அம்மா வருந்துவார் என்பதற்காக விட வேண்டியதில்லை. சொல்லிவிட்டுச் செய்யுங்கள். புதுப் பெயர் வைப்பதாக இருந்தால் பென் செய்ததுபோல் உங்களை வளர்த்தவர்களிடமிருந்து எடுக்கலாம். ஆனால் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். அண்ணனை வீட்டில் என்ன செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று. அது உங்களுக்கு வைக்கப்படாத பெயராக இருக்கும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.