வீராணம் கரையில் கைட் விழுந்துகொண்டே இருக்கிறது: பதில்

வீராணம் ஏரியில் கைட்சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீரில் சறுக்குவது) பழகும்போது கைட் விழுந்துகொண்டே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கைட் மேல கை வைக்காதீங்க, நிற்கும் இடத்தை மாற்றுங்க. கிழக்குக் கரையில், பனைவரிசைக்கு முன்னால் நின்று மாலைக் கடற்காற்றில் ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காற்று மரங்களில் மோதிச் சுழன்றுதான் உங்களுக்கு வருகிறது. கயிறு திடீரெனத் தளரும், கைட் விழும். மர உயரத்தைப் போல ஏழெட்டு மடங்கு தூரத்துக்காவது இந்தக் கலங்கல் இருக்கும்.

ஒரு கம்பில் ரிப்பன் கட்டிக் கரையோரம் நடந்து பாருங்கள். அது ஒரே பக்கமாக நீண்டு பறந்தால் சரி. சுருண்டு திசை மாறினால் அங்கே வேண்டாம். காற்று சீராக இருந்தும் கைட் பின்பக்கமாகச் சரிந்தால், பாரை (கையில் பிடித்துக் கைட்டைக் கட்டுப்படுத்தும் கம்பியை) உங்கள் பக்கம் அதிகமாக இழுத்துப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். கொஞ்சம் தள்ளி விடுங்கள். (புதிதாகப் பழகுகிற எல்லோருக்கும் வருவதுதான்.)

இன்னொன்று, இதுதான் எனக்குப் பயம்: முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் காற்று உங்களை ஏரி நடுவுக்குத் தள்ளும். கரைக்கு இணையாகவோ, கொஞ்சம் கரை நோக்கியோ வீசும்போது மட்டும் இறங்குங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அதுவும் கூடாது.

சென்னைக்குக் குடிநீர் போகிற ஏரி அது. நீர்வளத்துறையிடம் முதலில் கேட்டுவிடுங்கள். வடுவூர் பக்கம் போகலாமா என்றால், அது பறவைகள் சரணாலயம், வேண்டவே வேண்டாம்.