தொழிலை ‘வென்ச்சர்’ செய்ய முடியுமா?

கேள்வி: வேலைக்கு விண்ணப்பிக்க, பணம் கொடுத்து ஒருவரிடம் பயோடேட்டா எழுதி வாங்கினேன். ‘ஐ ஸ்டார்ட்டட் எ பிசினஸ்’ என்று நான் சொன்னதை ‘ஐ வென்ச்சர்டு எ பிசினஸ்’ என்று மாற்றிவிட்டார். அகராதியில் ‘துணிகர முயற்சி’ என்று இருக்கிறது. இப்படியே அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். பழையபடி ‘ஸ்டார்ட்டட்’ என்றே போடுங்கள்.

‘அட்வென்ச்சர்’ என்பதன் தலை உதிர்ந்து பிறந்த சொல் வென்ச்சர். லத்தீன் வேரில் அதற்கு ‘வரப்போவது’ என்று பொருள். வருவது வரட்டும் என்று இறங்குகிறோமே, அதுதான். கொட்டும் மழையில் வெளியே போனால் ‘வென்ச்சர்டு அவுட்’ எனலாம். தினமும் போகிற வங்கிக்கு அப்படி எழுதினால் படிப்பவர் குழம்பிப்போவார். புதுத் தொழிலில் இறங்கியதைச் சொல்ல ‘வென்ச்சர்டு இன்டு பிசினஸ்’; அந்த ‘இன்டு’ இல்லாமல் நிற்காது.

பிறகு ‘வென்ச்சர் எ கெஸ்’ (துணிந்து ஒரு ஊகத்தைச் சொல்வது) மட்டும் எப்படிச் சரி என்று எழுதிக் கொடுத்தவர் வாதாடக்கூடும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இறங்குகிற இடத்துக்குத்தான் ‘இன்டு’ வேண்டும். பணயம் வைக்கிற பொருள் நேராக வரும். 15ஆம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து துணி விற்ற ஆங்கில வணிகர்களுக்கு ‘மெர்ச்சன்ட் அட்வென்ச்சரர்ஸ்’ என்று பெயர். அவர்கள் பணயம் வைத்தது தங்கள் முதலீட்டை. ஊகம் சொல்பவர் பணயம் வைப்பது தன் பேச்சை. ஊகம் தப்பானால் அவர் மதிப்புப் போகும். அதனால் ‘வென்ச்சர் எ கெஸ்’, ‘வென்ச்சர் அன் ஒபினியன்’ இரண்டும் சரி. உங்கள் சேமிப்பைப் போட்டிருந்தால் ‘வென்ச்சர்டு மை சேவிங்ஸ்’ என்பதும் சரிதான். நீங்கள் தொடங்கிய தொழில் பணயப் பொருள் அல்லவே! பெயர்ச்சொல்லாக ‘எ நியூ வென்ச்சர்’ என்று தாராளமாக எழுதலாம்.

காசு வாங்கிக்கொண்டு பயோடேட்டா எழுதுபவர்களில் பலர் செய்வது ஒன்றுதான். எளிய சொல்லைச் செயலியில் போட்டு, அது காட்டும் பகட்டான சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தச் சொல்லை வைத்து இன்னும் மூன்று வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். அவர்களை மட்டும் சொல்லியும் பயனில்லை. ரிஸ்க், வென்ச்சர், ஹஸார்டு, கேம்பிள் எல்லாம் ஒன்றே என்று ‘பொருத்துக’ பகுதியில் ஒரு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யவைத்தது யார்? ‘ரிஸ்க் லூசிங்’ என்போம், ‘வென்ச்சர் டு சே’ என்போம். பின்னால் வருவதே வேறு என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. அகராதி தரும் ‘துணிகரம்’ நம் செய்தித்தாள்களில் பெரும்பாலும் கொள்ளையோடுதான் வருகிறது. அதை நம்பி வாக்கியம் அமைத்தால் என்ன ஆகும்?

நீங்கள் எழுதிக் கொடுத்த பழைய தாளை எடுத்து, அவர் மாற்றிய ஒவ்வொரு வினைச்சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு இடத்தோடு அவர் நிறுத்தியிருக்க மாட்டார்.