இனிப்பு ஓட்ஸ் கஞ்சியில் காய்கறி: கேள்வி பதில்

பாலும் பழமும் போட்டு இனிப்பாகச் செய்கிற காலை ஓட்ஸ் கஞ்சியில் காய்கறி சேர்ப்பது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி, முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். நான் உணவியல் படித்தவள். எட்டு வருடமாக வாரத்தில் நாலைந்து நாள் இதைச் சமைத்துச் சாப்பிடுகிறவளும்கூட. கீழே சொல்லும் அளவெல்லாம் ஒரு ஆளுக்கு: 40 கிராம் ஓட்ஸ் (அரை கப்), பாலும் தண்ணீருமாக 240 மில்லி (ஒரு கப்). ஓட்ஸ் என்றால் தட்டையாக அழுத்திய சாதாரண ஓட்ஸ்.

அக்கா, இனிப்புக் கஞ்சியில் எதற்குக் காய்? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதே.

கேரட் கேக்கை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லையே. இனிப்போடு ஒத்துப்போகிற காய்கள் நிறைய உண்டு, அவற்றை எடுத்துக்கொண்டால் போதும்.

பெரியவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் காயே இல்லையென்றால் அவ்வளவையும் மதியமும் இரவும் சாப்பிட்டாக வேண்டும், பெரும்பாலும் அது நடப்பதில்லை. ஒரு கேரட்டைக் காலையிலேயே உள்ளே தள்ளிவிட்டால் 60 கிராம் கணக்கில் வந்துவிடும். அப்புறம் வயிறு நிரம்புவது. 100 கிராம் சுக்கினியில் (வெள்ளரிக்காய் போலத் தெரியும் பூசணி இனக் காய்) 17 கலோரிதான், ஆனால் கிண்ணம் நிறைந்துவிடும்.

எனக்கு முக்கியமான காரணம் சர்க்கரை. கேரட்டுக்கும் மஞ்சள் பூசணிக்கும் சொந்த இனிப்பு இருக்கிறது. பட்டைத்தூளும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்ந்தால் அந்த இனிப்பு நன்றாகத் தெரியும். மூன்று கரண்டி சர்க்கரை போடுகிற இடத்தில் ஒன்று போதும் என்று ஆகிவிடும். இதெல்லாம் நடக்க வேண்டுமானால் காயைக் கடைசியில் மேலே தூவக் கூடாது. கஞ்சியின் தண்ணீர்க் கணக்கிலும் இனிப்புக் கணக்கிலும் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கேட்டிருக்கும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

முதல் தடவை செய்யப் போகிறேன். எந்தக் காயில் ஆரம்பிக்கலாம்?

கேரட். வேறு யோசனையே வேண்டாம்.

ஒரு நடுத்தரக் கேரட்டைத் துருவியின் சிறிய கண்ணில் துருவிக்கொள்ளுங்கள். பெரிய கண்ணில் துருவினால் வாயில் நார் நாராக மாட்டும். பலர் ஒரே தடவையோடு விட்டுவிடுவது இதனால்தான். சின்னப் பாத்திரத்தில் அரைக் கப் தண்ணீர், துருவல், ஒரு சிட்டிகை உப்பு போட்டு மூடி, மிதமான தீயில் 4 அல்லது 5 நிமிடம் வேகவிடுங்கள். பச்சை வாசனை போய், விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். பிறகு அரைக் கப் பாலும் ஓட்ஸும் சேர்த்து, கிளறிக்கொண்டே இன்னும் 5 நிமிடம். அடுப்பை அணைத்துவிட்டு கால் தேக்கரண்டி பட்டைத்தூள், ஒரு கை உலர்திராட்சை, நாலைந்து வால்நட் போடுங்கள். ருசி பார்த்த பிறகு சர்க்கரை வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

இதில் மாற்றக் கூடாதவை இரண்டு. காய் முதலில் வேக வேண்டும், ஓட்ஸ் பிறகுதான். கேரட்டும் ஓட்ஸும் ஒரே நேரத்தில் வேகாது, ஓட்ஸ் குழைந்த பிறகும் கேரட் கடுக்கென்று நிற்கும். எலுமிச்சைச் சாறு, புளிப்பான பழம் போன்றவற்றையும் காய் வெந்த பிறகே சேர்க்க வேண்டும், புளிப்பு காயைச் சீக்கிரம் மென்மையாக விடாது. இரண்டாவது, வால்நட். அது அலங்காரத்துக்கு இல்லை. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் சத்து) கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். வால்நட் பிடிக்காதென்றால் பாதாம், எள், அரைத் தேக்கரண்டி வெண்ணெய் என்று எதையாவது சேருங்கள்.

சுக்கினி துருவிப் போட்டேன். கஞ்சி தண்ணீராக ஓடியது.

சுக்கினியில் 95 சதவீதம் தண்ணீர்தான். 100 கிராம் போட்டால் கிட்டத்தட்ட அரைக் கப் திரவத்தைப் போட்ட மாதிரி. அதில் பெரும்பகுதி சூட்டில் வெளியே வரும். எனவே பாலையோ தண்ணீரையோ கால் கப் குறைத்துவிடுங்கள். பிழிந்துவிட்டுப் போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். போடலாம், ஆனால் சத்தும் சாறோடு போய்விடும், நான் பிழிவதில்லை. தோலைச் சீவிவிட்டால் பச்சைப் புள்ளிகள் தெரியாது, கஞ்சியில் எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியாது.

ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். சமைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற பொருளால் வருவது, கடும் வாந்தி பேதியைக் கொடுக்கும். வேகவைத்தாலும் போகாது, சர்க்கரை போட்டு மறைப்பது ஆபத்து.

காலிஃபிளவர் துருவல் சேர்த்தால் ருசியே தெரியாது என்றார்கள். எனக்கு வீடு முழுக்க வாசனை வந்தது.

நீண்ட நேரம் கொதித்திருக்கும். காலிஃபிளவரின் கந்தகச் சேர்மங்கள் வேக வேக அதிகமாக வெளியே வரும். பொடியாகத் துருவி, மூடாமல், 4 நிமிடத்துக்கு மேல் போகாமல் வேகவைத்துப் பாருங்கள். முதலில் 30 கிராம் போதும். கோகோத் தூள் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் மீதி வாசனையும் அடங்கிவிடும். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், சுக்கினி இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்.

பீட்ரூட்டின் மண்வாசனையை எப்படிப் போக்குவது? நிறம் மட்டும் ஆசையாக இருக்கிறது.

அந்த மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின். மழை பெய்ததும் மண்ணிலிருந்து கிளம்புகிறதே, அதிலும் இதுதான் இருக்கிறது. புளிப்பு பட்டால் அது அடங்கும். தோலோடு வேகவைத்து, உரித்து, மசித்து, 2 மேசைக்கரண்டி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சி தயாரானதும் கலந்து, கால் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நிறத்துக்கும் இதே வழிதான். அதிக நேரம் கொதித்தால் பீட்ரூட் பழுப்பாகிவிடும், புளிப்பு அந்தச் சிவப்பைக் காப்பாற்றும். ஆனால் இந்தக் கஞ்சியைப் பாலில் செய்தால் எலுமிச்சைக்குத் திரிய வாய்ப்பு உண்டு. தண்ணீரில் வேகவைத்து, கொஞ்சம் ஆறியதும் மேலே தயிர் விட்டால் இரண்டு கவலையும் இல்லை, எலுமிச்சைகூட வேண்டாம்.

மறுநாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக வந்தால் பயப்பட வேண்டாம், சிலருக்கு அப்படி வரும். பீட்ரூட் சாப்பிடாமலே வந்தால்தான் மருத்துவரிடம் போக வேண்டும்.

பசலைக்கீரை?

வாழைப்பழத்தோடு மிக்ஸியில் அரைத்து, அடுப்பை அணைத்த பிறகு கலந்தால் நல்ல பச்சை. கொதிக்கவிட்டால் பாசி நிறம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசலையையும் பீட்ரூட்டையும் தினமும் சேர்க்க வேண்டாம், இரண்டிலும் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும்.

ஆறு வயது மகன் காய் என்றாலே ஓடுகிறான். தெரியாமல் அரைத்துக் கலந்து கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். அரைத்துக் கொடுங்கள், ஆனால் ஒளிக்காதீர்கள்.

அரைப்பதில் தப்பே இல்லை. பல குழந்தைகளுக்குக் காயின் ருசி பிரச்சினையில்லை, நாக்கில் தட்டுப்படும் துண்டுதான் பிரச்சினை. மஞ்சள் பூசணி மசியல் 3 மேசைக்கரண்டி கலந்தால் கஞ்சி வழவழவென்று அழகான நிறத்தில் இருக்கும், பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் "இதில் காயே இல்லை" என்று சொல்லிக் கொடுத்து, ஒருநாள் அவன் கண்டுபிடித்துவிட்டால், பிறகு வெறும் கஞ்சியைக்கூடச் சந்தேகத்தோடுதான் கிளறிப் பார்ப்பான். அப்படி ஒரு குழந்தை காலைச் சாப்பாட்டையே மறுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒளித்தே கொடுத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. தான் சாப்பிட்டது பூசணி என்றே அவனுக்குத் தெரியாதே, நாளைக்குத் தட்டில் பூசணியைப் பார்த்தால் எப்படிப் பிடிக்கும்?

துருவுவதை அவன் கையில் கொடுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு. முதல் வாரம் ஒரு தேக்கரண்டி மட்டும். சாப்பிடாவிட்டால் ஒன்றும் சொல்லாதீர்கள், இரண்டு நாள் கழித்துத் திரும்ப வையுங்கள். ஒரு புது ருசி பிடிபட பத்துத் தடவைகூட ஆகலாம்.

ஒன்பது மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கேரட்டோ பூசணியோ நன்றாக வேகவைத்து மசித்தது. பச்சைத் துருவல் தொண்டையில் அடைக்கும். உப்பு, சர்க்கரை வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது, கஞ்சியோடு கொதிக்கவைத்தாலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய, பாட்யூலிசம் என்ற கடும் நச்சு நோயைக் கொடுக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். காய் போட்ட ஓட்ஸ் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

இல்லை. காய் சேர்ந்ததால் ஓட்ஸின் மாவுச்சத்து குறைந்துவிடாது. 40 கிராம் ஓட்ஸில் சுமார் 27 கிராம் மாவுச்சத்து அப்படியேதான் இருக்கும். ஒரு முழு வாழைப்பழம் போட்டால் இன்னொரு 27 கிராம். அந்த இடத்தில் ஒரு கேரட் என்றால் 6 கிராம், 100 கிராம் சுக்கினி என்றால் 3 கிராம். லாபம் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. பழத்தையும் சர்க்கரையையும் அப்படியே வைத்துக்கொண்டு காயையும் கூட்டினால் பலன் இல்லை. ஓட்ஸை 30 கிராமாகக் குறைத்து, சுக்கினி 100 கிராம் போட்டு, கொட்டை வகை அல்லது தயிர் சேர்த்தால் கிண்ணமும் நிறையும். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பார்த்து, மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

உடனடி ஓட்ஸ் பாக்கெட்டை அவருக்குத் தவிர்த்துவிடுங்கள். அது மெல்லியதாக நசுக்கப்பட்டது, சர்க்கரையை வேகமாக ஏற்றும். பலவற்றில் இனிப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும்.

காலையில் துருவ நேரமே இல்லை.

விடுமுறை நாளில் அரைக் கிலோ பூசணியை ஆவியில் வேகவைத்து மசித்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள். காலையில் இரண்டு மூன்று கட்டியைக் கொதிக்கிற ஓட்ஸில் போட்டால் முடிந்தது. கேரட் துருவல் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் 3 நாள் தாங்கும். செய்த கஞ்சியையும் 3 நாள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் 2 மணி நேரத்துக்குமேல் வெளியில் கிடக்கக் கூடாது. திரும்பச் சூடாக்கும்போது இறுகியிருக்கும், கொஞ்சம் பால் விட்டால் சரியாகிவிடும்.

இரவே ஊறவைத்துக் குளிரச் சாப்பிடும் ஓட்ஸுக்கும் இது ஒத்துவருமா?

பச்சைக் கேரட்டும் சுக்கினியும் வரும், மிகப் பொடியாகத் துருவினால். காலிஃபிளவரைப் பச்சையாகப் போடாதீர்கள்.

கேரட்டோடு இஞ்சியும் போட்டேன், பால் திரிந்துவிட்டது. கேரட்டாலா?

இஞ்சியால். பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை உறையவைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அதைக் கேரட்டோடு சேர்த்து முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும், பிறகு பால் விடலாம். சுக்குப்பொடி என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

காய் போட்டும் பதினொரு மணிக்கே பசிக்கிறது.

காய் வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதம் குறைவு. ஓட்ஸிலும் 5 கிராம்தான். தண்ணீருக்குப் பதில் பால் விடுங்கள், கெட்டித் தயிர் நாலு கரண்டி சேருங்கள், அல்லது கஞ்சி கொதிக்கும்போது ஒரு முட்டை வெள்ளைக்கருவை விட்டு வேகமாக அடியுங்கள். நன்றாக வெந்து கலந்துவிடும், முட்டை வாசனை வராது.

சர்க்கரைவள்ளிக்கிழங்கை மைக்ரோவேவில் வேகவைத்துப் போட்டேன். இனிப்பே இல்லை. கிழங்கு சரியில்லையா?

கிழங்கு நன்றாகத்தான் இருந்திருக்கும், வேகவைத்த விதம்தான் காரணம். அதிலுள்ள ஒரு நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கிறது. கிழங்கு 60 டிகிரி செல்சியஸிலிருந்து 75 டிகிரிவரை சூடாகும்போதுதான் அது மும்முரமாக வேலை செய்யும். மைக்ரோவேவ் அந்தச் சூட்டை இரண்டொரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. ஓவனில் தோலோடு 200 டிகிரியில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை வையுங்கள். ஓவன் இல்லையென்றால் கனமான பாத்திரத்தில் மூடி, சின்னத் தீயில் மெதுவாக வேகட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அந்த 400 கிராமில் இந்தக் கிழங்கு வராது, அதை மாவுப்பொருளாகத்தான் கணக்கு வைக்கிறார்கள். எனவே இது போடுகிற அன்று ஓட்ஸை 10 கிராம் குறைத்துவிடுங்கள். தோலில் பிசுபிசுப்பாகப் பாகு கசிந்தால் கிழங்கு தயார். மூன்று மேசைக்கரண்டி மசித்துக் கலந்தால் அன்றைக்குச் சர்க்கரை டப்பாவைத் திறக்க வேண்டியே இருக்காது.