12 வயதுப் பையனுக்கு முட்டிக்குள் எலும்புகளைப் பிணைத்து நிறுத்தும் ஏசிஎல் லிகமெண்ட் (தசைநார்) அறுந்துவிட்டது. வளர்ந்து முடிக்கும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

"பெரியவனாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் முன்பெல்லாம் வழக்கமான பதில். பாதி கிழிசலாக இருந்து முட்டியும் உறுதியாக இருந்தால் பயிற்சி, பிரேஸ் என்று இப்போதும் சமாளிக்கலாம். ஆனால் லிகமெண்ட் முழுதாக அறுந்து முட்டி அடிக்கடி நழுவினால் காத்திருப்பது நல்லதல்ல. ஒவ்வொரு முறை நழுவும்போதும் உள்ளே மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழியலாம்; அது பின்னாளில் மூட்டுத் தேய்மானத்தில் கொண்டுபோய் விடும்.

சரி, தயக்கம் ஏன்? தொடை எலும்பின் கீழ் முனையிலும் முட்டிக்குக் கீழே உள்ள கால் எலும்பின் மேல் முனையிலும் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீளமாக வளரும் இடங்கள், உள்ளன. தொடையின் கீழ்த் தட்டு மட்டுமே ஆண்டுக்கு சுமார் 1 செ.மீ. வளர்ச்சி தருகிறது. புது லிகமெண்டைப் பொருத்த எலும்பில் துளையிடும்போது அது சேதமானால் கால் குட்டையாகலாம், வளையலாம்.

அதனால் முதலில் இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணிப்பார்கள். பிறந்தநாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. வளர்ச்சி நிறைய மிச்சமிருந்தால், தொடையின் வெளிப்புற நார்ப் பட்டையையே எடுத்து, எலும்பில் துளையே போடாமல் முட்டியைச் சுற்றிக் கட்டும் முறை இருக்கிறது. தட்டைத் தொடாமல் முனை எலும்புக்குள்ளேயே துளையிடுவது இன்னொரு வழி. வளர்ச்சி முடியும் தறுவாயில் இருந்தால், தட்டின் நடுவே செங்குத்தான சிறு துளை போட்டு, தொடைப் பின்தசை நாரைப் பொருத்துவார்கள். தட்டின் குறுக்கே எலும்புத் துண்டோ ஸ்க்ரூவோ வரவே கூடாது. இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

விளையாட்டுக்குத் திரும்ப 9 முதல் 12 மாதம் ஆகும். பையன் அவசரப்படுவான், நீங்கள் விடாதீர்கள்.