ரயிலடிக்கு அப்பால்

கேள்வி: கிண்டியில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் வழியில் ஒரு கிராமத்தில் மனை வாங்கி, வீடு கட்டிக் குடும்பத்துடன் குடியேற விரும்புகிறேன். மின்சார ரயிலில் தினமும் வேலைக்கு வந்துவிடலாம். மனைவிதான் தயங்குகிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அவர் ஏன் தயங்குகிறார் என்று முதலில் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விடிந்ததும் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும் உங்களுக்கு அந்தக் கிராமம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கண்ணில் படும். அங்கே வாழப்போகிறவர் உங்கள் மனைவி.

செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அந்தத் தொலைவை ரயில் பார்த்துக்கொள்ளும். ஆனால் தாம்பரம் வரை ஓடுகிற அளவுக்குச் செங்கல்பட்டு வரை வண்டிகள் ஓடுவதில்லை என்பதால், மாலையில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ரயிலடிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரம். அதற்காக நீங்கள் எடுத்துச் செல்லும் இருசக்கர வாகனம் நாள் முழுவதும் ரயில் நிலைய வாகன நிறுத்தத்தில் நிற்கும். பள்ளியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பிற்பகலில் தொலைபேசி வந்தால், உங்கள் மனைவி எதில் ஏறிப் போவார்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் சுத்தமான காற்றைப் பற்றி அவரிடம் பேசிப் பயனில்லை.

மனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, அந்தச் சொல்லை நம்பிப் பணம் கொடுத்தவர்கள்தாம் தவித்தார்கள். பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு, நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படத்தையும் வாங்கிப் பாருங்கள். ஏரிகள் நிறைந்த மாவட்டம் அது; கோடையில் காய்ந்து கிடக்கும் மனை ஐப்பசியில் எப்படி இருக்கும் என்பதைத் தரகர் சொல்லமாட்டார், பக்கத்து நிலத்துக்காரர் சொல்வார்.

அமைதிக்காகப் போவதானால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022 அக்டோபரில் அரசு ஆணையிட்டது. தரகர்கள் அந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் விலை சொல்கிறார்கள். நீங்கள் வயல்வெளிக்கென்று கொடுக்கும் பணத்தில், நாளை அங்கே வரவிருக்கும் கட்டடங்களின் விலையும் சேர்ந்திருக்கிறது.

ஆகவே இப்போதைக்கு மனை வாங்க வேண்டாம். அதே ஊரில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, வடகிழக்குப் பருவமழையும் ஒரு கோடையும் கழியும்வரை இருந்து பாருங்கள். அதன் பிறகு மனை வாங்கலாமா என்பதை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும்.