கையால் செய்த கிட்டார் 30,000 ரூபாய்க்குள் கிடைக்குமா? பழைய பர்மா தேக்கைக் கொடுத்தால் விலை குறையுமா?

கேட்டவர் காரைக்குடிப் பக்கம். சின்னப் பட்டறையில் கையால் செய்த அக்கூஸ்டிக் கிட்டார் வேண்டுமாம், கையில் 30,000 ரூபாய் இருக்கிறதாம். வீட்டில் பழைய தேக்குத் துண்டுகள் கிடக்கின்றன, அவற்றைக் கொடுத்தால் விலை குறையுமா என்கிறார்.

குறையாது, கூடும். செட்டிநாட்டில் யார் கிட்டார் பேச்சை எடுத்தாலும் இரண்டாவது வரியில் பர்மா தேக்கு வந்துவிடுகிறது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பின்பலகைக்கு 55 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில், ஒரே கட்டையில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகள் வேண்டும். பக்கங்களுக்கு 80 செ.மீ.க்குக் குறையாத நீளம், 12 செ.மீ. அகலத்தில் இரண்டு. எல்லாம் இழைத்து முடிக்கும்போது 2 முதல் 3 மி.மீ. கனம்தான் இருக்கும். வெட்டுமுகத்தில் பார்த்தால் வளையக் கோடுகள் பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், படுத்திருந்தால் பலகை கோணிக்கொள்ளும். வீட்டு உத்தரத்தை யாரும் கிட்டாரை நினைத்து அறுக்கவில்லை. உள்ளே முறிந்த ஆணி ஒன்று கிடந்தால் பட்டறைக்காரரின் பேண்ட்சா பிளேடு போச்சு. ஆணியே இல்லாவிட்டாலும் தேக்கில் இருக்கும் சிலிக்கா பிளேடையும் உளியையும் சீக்கிரம் மழுக்கிவிடும். எண்ணெய்ப் பசை வேறு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் மூட்டு பிறகு விட்டுப்போகும். இத்தனை பாட்டுக்கும் அவர் கூலி கேட்பாரா மாட்டாரா? ஆசைக்குத் தலைப்பலகையின் முகத்தில் ஒட்ட 2 மி.மீ. சீவல் ஒன்று கொடுங்கள், போதும்.

மேல்பலகைக்கு மட்டும் தேக்கைப் பேசவே வேண்டாம். கம்பியின் அசைவைச் சத்தமாக்குவது மேல்பலகைதான். அது லேசாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். மேல்பலகைக்கு வழக்கமாகப் போடும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் கன மீட்டருக்கு 400 முதல் 450 கிலோ, தேக்கு 650 பக்கம். தேக்கில் போட்டால் கதவைத் தட்டியது மாதிரிதான் கேட்கும்.

(கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பங்காளிகளுக்குள் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வீட்டை இடிக்கிறார்கள். தூண் எங்கோ ஒரு ஹோட்டல் வரவேற்பறைக்குப் போகிறது, நிலைக்கதவு முனீஸ்வரன் கோவில் தெருவில் விலைக்கு நிற்கிறது. அப்போதெல்லாம் வாய் திறக்காதவர்கள், மிச்சமான ஒரு முழத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘மரபைக் காப்பாற்றணும்’ என்று வருகிறார்கள். சரி, விடுங்கள்.)

அடுத்ததாக, வீணை செய்யும் ஆசாரியிடம் கொடுத்தால் என்ன என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். வீணை ஆசாரியின் கைத்திறனை நான் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். வீணையில் மேளக்கட்டு, அதாவது மெட்டுகளின் வரிசை, மெழுகில் நிற்கிறது. ஸ்வரம் பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கிட்டாரில் ஃப்ரெட் என்ற உலோக மெட்டு, அறுத்த காடியில் அறைந்து இறங்கிவிடும், அப்புறம் நகராது. கம்பி நீளம் (தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து உடம்பின் மேல் தாங்கும் சாடில் வரை) 648 மி.மீ. என்றால் அதை 17.817-ஆல் வகுக்க வேண்டும். முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.4 மி.மீ. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது 34.3. பன்னிரண்டாவது சரியாக 324-இல் விழ வேண்டும். அரை மி.மீ. தவறினாலும் காது கண்டுபிடித்துவிடும். இதைப் பழகியவரிடம்தான் போக வேண்டும்.

இப்போது பணம். ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு கிட்டார் செய்ய 100 மணி நேரமாவது பிடிக்கும். எட்டு மணி நேர நாளுக்குக் கூலி 1,000 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் அதுவே 12,500. மீதி 17,500-இல் மேல்பலகை, கம்பியை முறுக்கும் ட்யூனர், கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராடு, ஃப்ரெட் கம்பி, பாலிஷ், பெட்டி, பட்டறை வாடகை எல்லாம் அடங்க வேண்டும். ஸ்ப்ரூஸ் நம் ஊர் மரக்கடையில் கிடைப்பதில்லை, பெரும்பாலும் இறக்குமதி. அதனால் உங்கள் தொகை போதும், ஆனால் இறுக்கம். 15,000-க்கு ‘முழுக்க சாலிட் மரம், முழுக்கக் கைவேலை’ என்று யாராவது சொன்னால் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலை உடம்பை வாங்கிப் பாலிஷ் மட்டும் போட்டிருப்பார்.

குறைக்க வேண்டிய இடம் அலங்காரம். முத்துச்சிப்பிப் பதிப்பு, ஓரத்துப் பட்டைகள், கண்ணாடிப் பளபளப்பு எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மணிக்கணக்கைத் தின்பவை அவைதான். மேல்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ், பின்னும் பக்கமும் பிளைவுட் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் ஊர் வெயிலுக்கு பிளைவுட் முதுகு வெடிக்காது. விரல்பலகைக்குக் கருங்காலி கேட்காதீர்கள், ஈட்டி போதும். குறைக்கவே கூடாதவை மூன்று: இரண்டு பக்கமும் திருகும் ட்ரஸ் ராடு, சரியாக அறைந்து சமன் செய்த ஃப்ரெட், எலும்பில் செய்த நட்டும் சாடிலும். அதே பட்டறைக்காரர் முன்பு செய்து, கீறலோ நிறப் பிசகோ இருப்பதால் விற்காமல் கிடக்கும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். மலிவில் நல்லது சிக்குவது பெரும்பாலும் அப்படித்தான்.

பட்டறைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி மரத்தைப் பற்றியது அல்ல. ‘பிரேஸ் ஒட்டும்போது பட்டறையில் ஈரப்பதம் எவ்வளவு?’ (பிரேஸ் என்பது பலகைக்கு உள்பக்கம் ஒட்டும் தாங்கு சட்டம்.) 45 முதல் 50 சதவீதம் என்று அவர் எண்ணில் பதில் சொன்னால் மேலே பேசுங்கள். ‘பத்து வருஷம் காய்ந்த மரம் சார்’ என்றால் அது பதிலே இல்லை. எத்தனை வருஷம் காய்ந்த மரமும் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும், காற்று வறண்டால் கக்கும். கடற்கரை ஊரிலோ மலையிலோ மழை மாதத்தில், 70 சதவீதத்தில் ஒட்டிய மேல்பலகை நம் சித்திரை மத்தியானத்துக்கு வருகிறது என்று வையுங்கள். 40 செ.மீ. அகலப் பலகை குறுக்கே 3 மி.மீ. வரை சுருங்கப் பார்க்கும். உள்ளே குறுக்கே ஒட்டிய பிரேஸ் நீளவாட்டு மரம், அது சுருங்காது. இழுபறியில் பலகை வெடிக்கும், பெரும்பாலும் நடு மூட்டில் அல்லது விரல்பலகையின் ஓரத்தில். வெடிக்காவிட்டால் குழிந்து, கம்பி தாழ்ந்து, ஃப்ரெட்டில் உரசி இரையும். விரல்பலகை ஒடுங்கி ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். குறைந்த ஈரத்தில் ஒட்டியது ஐப்பசி கார்த்திகையில் ஊதும், கம்பி உயரும், வாசிக்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் மழை விட்டதும் பழையபடி இறங்கிவிடும். வெடித்தது தானாக ஒட்டாது.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை. ஒலித்துளையின் ஓரத்தில் மேல்பலகையின் கனத்தைப் பாருங்கள். மேலே ஓடும் கோடுகள் அப்படியே கீழே இறங்கினால் சாலிட், அடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ஆறாவது கம்பியை, அதாவது இருப்பதிலேயே தடித்ததை, முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவதிலும் அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டின் மேல் இரண்டு ஏ4 தாள் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் இரையும், நான்கைந்து தாள் நுழைந்தால் ராடைத் திருகச் சொல்லுங்கள், திருகும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் தடித்த பக்கம் 2.5, மெல்லிய பக்கம் 1.9 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. நேரான ஸ்கேலை ஃப்ரெட்களின் மேல் நீளவாக்கில் வைத்தால் அதன் முனை, சாடில் உட்காரும் கட்டையான பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். அதற்குக் கீழே போய் முட்டினால் கழுத்தின் கோணம் தப்பு, வாங்காதீர்கள். சாடிலைத் தேய்த்து இன்று சமாளித்துவிடுவார், அடுத்த வருஷம் தேய்க்கச் சாடில் இருக்காது. கழுத்து போல்ட்டில் நிற்கிறதா என்றும் கேளுங்கள். பின்னால் கழற்றிச் சரிசெய்வது அதில் சுலபம். பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள், நுழையக் கூடாது. கடைசியாக உடம்பை விரல் மொட்டால் சுற்றித் தட்டுங்கள். எங்காவது சலசலத்தால் பிரேஸ் விட்டிருக்கிறது.

ஆர்டர் கொடுப்பதானால் கம்பி நீளம், நட் அகலம் (சின்ன விரலுக்கு 43 மி.மீ., விரல் மீட்டலுக்கு 44.5), மர வகை, பாலிஷ், ட்யூனர், முடிக்கும் மாதம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். ஃப்ரெஞ்ச் பாலிஷ் (அரக்குப் பூச்சு) அழகுதான், ஆனால் நம் வேர்வையில் முழங்கை படும் இடம் பிசுபிசுத்துவிடும். மெல்லிய பாலியூரித்தேன் கேளுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா என்று போய்வரும் வீடுகளுக்கு ஒரு வரி: ஈட்டி மரம் சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் 2017-இல் ஏறியது, முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தது. கிட்டாராகக் கொண்டு போவது ஒன்று, பலகையாகக் கொண்டு போவது வேறு.

கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள். சென்னையிலிருந்து என்றால் பல்லவன் எக்ஸ்பிரஸில் மடியோடு கொண்டுவாருங்கள், கம்பியை ஒன்றிரண்டு ஸ்வரம் தளர்த்திவிட்டு. நிறுத்திய காரில் வைத்துவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் பசை இளகும். கம்பிகள் சேர்ந்து 70 கிலோ அளவில் இழுத்துக்கொண்டிருக்கின்றன, இளகினால் முதலில் பிரிட்ஜ் கிளம்பும்.

வீட்டில் வெயில் அடிக்கும் மேற்குச் சுவரில் மாட்டாமல், வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய உள்ளறையில் பெட்டிக்குள் வையுங்கள். ஏசி அறைக்கும் வெளியே திண்ணைக்குமாக அலைக்காதீர்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் கிடக்கட்டும். 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சை வைத்து, தலைப்பலகைக்கு அடியில் சொருகுங்கள். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்துவிட்டு வையுங்கள், சொட்டினால் கழுத்தின் மூட்டில்தான் தண்ணீர் நிற்கும்.