விமானப்படையிலிருந்து விடிலிக்கு

விமானப்படையில் ஏஎன்-32 சரக்கு விமானம் ஓட்டியவர். இப்போது திசையன்விளையில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறார். மழைக்காலம் வந்தால் நிவாரண வேலையில் இறங்கிவிடுவார். இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்கிறார்.

விமானம் ஓட்டிய கையால் கருப்பட்டிப் பெட்டி தூக்குகிறீர்களே, வருத்தமாக இல்லையா சார்?
(வாசகர், நாங்குநேரி)

இல்லை. என் அப்பா பனையேறி. அம்மா விடிலிக்குள், அதாவது கருப்பட்டி காய்ச்சுகிற குடிசைக்குள், நின்று பதநீர் காய்ச்சினாள்; புகையில் அவள் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் அமராவதிநகர் சைனிக் பள்ளிக்குப் போனேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தால், சந்தையில் சீனி கலந்த சரக்கும் கருப்பட்டி என்ற பேரில்தான் விற்கிறது. ஒழுங்காகக் காய்ச்சுகிறவர்களுக்கு அந்த விலை கட்டுபடியாகவில்லை. பனையேற ஆளும் குறைந்துகொண்டே வந்தது. அவர்களுக்குக் கட்டுபடியாகிற விலை கொடுத்து வாங்கி நாமே விற்போம் என்று இறங்கினேன்.

முதல் வருஷமே அடி. ஆனி, ஆடியில் வாங்கிய சரக்கை சிமெண்ட் தரையில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். ஐப்பசி மழையில் அடி வரிசைக் கருப்பட்டி கசிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டது. பக்கத்து விளையில் (பனந்தோப்பில்) காய்ச்சுகிற ஆச்சி ஒருத்தி வந்து பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினாள். "இதுக்குப் புகை வேணும்யா, பாய் எதுக்கு?" என்றாள். அடுப்புக்கு மேலே பரண் கட்டி, ஓலைப்பெட்டியில் அடுக்கச் சொன்னாள். என் அம்மாவும் அப்படித்தான் வைத்திருந்தாள். சின்ன வயசில் தினமும் பார்த்த பரண், எனக்கு ஞாபகமே வரவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம், வாங்கும்போது கருப்பட்டியை உடைத்துப் பாருங்கள். உடைந்த இடம் மங்கலாக இருக்க வேண்டும். பொடிக் கற்கண்டு மாதிரி மினுமினுத்தால் நான் வாங்குவதில்லை.

பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கிறேன் அங்கிள். பைலட் ஆக ஆசை. பெண்களும் சேரலாமா?
(மாணவி)

தாராளமாகச் சேரலாம்மா. படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தருகிற தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்டிஏ) 2022 முதல் பெண்களையும் சேர்க்கிறார்கள். யுபிஎஸ்சி வருஷத்துக்கு இரண்டு தடவை தேர்வு நடத்துகிறது. விமானப்படை என்றால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறினால் எஸ்எஸ்பி (அதிகாரித் தேர்வுக் குழு) நேர்காணல், பிறகு விமானி திறன் சோதனை. அந்தச் சோதனைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். ராத்திரி ரயிலில் கண்விழித்துவிட்டுப் போய் அதில் உட்காராதே. நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால் விமானி ஆக முடியாது. அதனால் படிக்க ஆரம்பிக்கும் முன்பே கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடு.

என் மகன் விமானப்படைப் பயிற்சியில் இருக்கிறான். எனக்குத் தூக்கமே வருவதில்லை. நீங்கள்தான் ஒரு தைரியம் சொல்ல வேண்டும்.
(ஒரு தாய், தென்காசி)

அம்மா, பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்குக் கிளம்பிய ஏஎன்-32, 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. நான் ஓட்டிய அதே ரகம். சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடப்பது 2024 ஜனவரியில்தான் தெரியவந்தது. ஏழரை வருஷம் அந்த வீடுகள் எப்படி விடிந்திருக்கும்!

அந்தச் செய்தி வந்த ராத்திரிதான் என் மனைவி ஒன்று சொன்னாள். நான் பறந்த நாளெல்லாம் அவள் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். இறங்கியதும் நான் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. உங்கள் மகனிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். "இறங்கிட்டேம்மா" என்று ஒரு வார்த்தை போதும்.

2023 வெள்ளத்துக்கு ஒரு லாரி நிறையப் பொருள் அனுப்பினோம். பாதி வீணாய்ப் போனதாகக் கேள்விப்பட்டோம். எங்கே தப்பு?
(இளைஞர்கள், கோவில்பட்டி)

தம்பிகளா, அந்த மாதிரி லாரிகளில் சிலவற்றை நானும் இறக்கினேன். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுவிட்டது. ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் ஏரல் பக்கம் போனோம். பழைய துணி மூட்டை மூட்டையாக ரோட்டோரம் நனைந்து கிடந்தது. வேனில் 25 கிலோ அரிசி மூட்டைகள். வாங்க வந்தவர் ஒரு பாட்டி, முழங்கால் சேற்றில், தனியாக. மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றார். தூக்கிக்கொண்டு போனாலும் வீட்டில் அடுப்பும் விறகும் சேற்றில் கிடக்கின்றன.

அருணாசலப் பிரதேச மலையூர்களுக்கு விமானத்திலிருந்து அரிசி போடுவோம். பாராசூட் இல்லாமல் போடுகிற அரிசியை இரட்டைச் சாக்கில் கட்டுவார்கள். உள்சாக்கு இறுக்கமாக, வெளிச்சாக்கு தொளதொளவென்று. விழுகிற வேகத்தில் உள்சாக்கு கிழிந்தாலும் அரிசி வெளிச்சாக்கில் தங்கிவிடும். கட்டும்போதே அது போய் விழுகிற இடத்தை நினைத்துக் கட்டினார்கள். அந்தப் பாட்டி முன்னால் நின்றபோது எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வந்தது.

இப்போது நாங்கள் வீட்டுக்கு ஒரு பை என்று கட்டுகிறோம். எட்டுக் கிலோவுக்கு மேல் போவதில்லை. தராசில் வைத்துத்தான் முடிச்சுப் போடுவோம். அவல், பொரிகடலை, பிஸ்கட், கருப்பட்டி, குடிதண்ணீர், மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் உறையில் தீப்பெட்டி, நாப்கின், ஒரு புது நைட்டி, ஒரு லுங்கி. அடுப்பு காய்ந்த பிறகு அரிசி கொண்டு போனால் போதும். பழைய துணியை யார் கொடுத்தாலும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். கிளம்பும் முன் அந்த ஊரில் ஒருவரைப் போனில் பிடித்து, சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை தீர்ந்துபோன பெரியவர்கள் யார் யார் என்று எழுதிக்கொள்கிறோம். அந்தத் தாளை வண்டி ஓட்டுகிறவரின் சட்டைப்பையில் வைத்துவிடுவோம்.

இந்த மழைக்கு நாற்பது பை தயார். பரணுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறோம். கோவில்பட்டியில் நீங்கள் எத்தனை கட்ட முடியும் என்று ஐப்பசி பிறக்கும் முன் எழுதுங்கள்.